தட்டிப் பாருங்கள் சார்!

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொல்லி வைத்த மகானுபாவர், வீடு கட்டுகிறவன் எந்தக் கட்டத்தில் படுத்துவிடுவான் என்பதைச் சொல்லாமல் போய்விட்டார். நான் சொல்கிறேன். தரை போடும்போது!

அஸ்திவாரம் தோண்டுகிற அன்று கையில் பணம் இருக்கும், மனசில் தெம்பு இருக்கும். கொத்தனாருக்கு டீ, வடை எல்லாம் நம் கையாலேயே வாங்கிக் கொடுப்போம். கான்கிரீட் போடும் நாளில் ஆட்டுக்கறி சாப்பாடு. சுவர் எழும்பி, பூச்சு முடிந்து, தரைக்கு வரும்போது பார்த்தால் வீட்டுக் கடனின் கடைசித் தவணையும் காலி, பி.எஃப்.பில் எடுத்ததும் காலி, மனைவியின் நகை மேலமாசி வீதி அடகுக் கடையில். போதாக்குறைக்குக் கிரகப்பிரவேசப் பத்திரிகை வேறு அச்சாகி வந்திருக்கும். மாமனார் நல்ல நாள் பார்த்துக் கொடுத்துவிட்டார். தை 12. அதை மாற்ற அந்த ஆண்டவனால்கூட முடியாது.

பணமும் இல்லை, நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. இந்த மூன்றும் இல்லாத அந்தப் பதினைந்து நாளில்தான், அடுத்த முப்பது வருஷம் நாம் மிதிக்கப் போகிற தரையைப் போடுகிறோம்!

அடியேன் பி.காம். ஆசாமி. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் புத்தி போகும். கல் தரை போடுகிற எல்லோரும் கணக்கு எழுதுவதில் ஒரே தினுசுதான். கல்லுக்குக் கொடுக்கிற பணத்தைச் 'சொத்து' என்று எழுதுவார்கள். அதற்காக ஆறு கடை ஏறி இறங்கி, கல்லை வெயிலில் பார்த்து, நிழலில் பார்த்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து, அப்புறம்தான் வாங்குவார்கள். அந்தக் கல்லுக்குக் கீழே போகிற சிமென்ட், மணல், கூலி இருக்கிறதே, அதை மட்டும் 'செலவு' என்று எழுதுவார்கள். செலவு என்று எழுதிவிட்டால் அதைக் குறைக்கத்தானே தோன்றும்?

விஷயம் நேர்மாறானது. கல் பல கோடி வருஷமாகக் கெடாமல் இருந்த சமாசாரம். அது உங்கள் வீட்டுக்கு வந்து ஆறே மாசத்தில் விரிசல் விடுகிறது என்றால் குற்றம் கல்லின் மேல் இல்லை. கீழே இருப்பதன் மேல்.

மதுரைக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். மேலூர் பக்கம் மாங்குளம் மலைக்குப் போனால், 2000 வருஷத்துக்கு முன்னால் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்திலேயே தமிழ் பிராமி எழுத்து. அந்தப் படுக்கையில் ஒரு கல்கூடப் பெயரவில்லை. எப்படிப் பெயரும்? மேலேயும் பாறை, கீழேயும் அதே பாறை. நடுவில் மேஸ்திரி கிடையாது, கலவை கிடையாது, காலி இடமும் கிடையாது!

நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நமக்குக் கீழே இருப்பது மண். மண்ணுக்கு மேல் கான்கிரீட். அதற்கு மேல் கலவை. அதற்கு மேல்தான் கல். நாலு பேர் தோளில் ஏறி உறியடிக்கிற மாதிரி. அடியில் நிற்கிறவன் அசைந்தால் மேலே இருக்கிறவன் பல்லு போகும்.

* * *

அடியில் நிற்கிறவனிடமிருந்தே வருவோம்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் மனை வாங்கியவர்கள் கவனிக்க. அங்கே கரிசல் மண். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும். பருத்திக்கு அருமையான மண். உங்கள் ஹாலுக்கு ஆகாது. அஸ்திவாரம் தோண்டிய அதே கரிசலை 'வண்டிக் கூலி மிச்சம்' என்று தரைக்கு அடியில் கொட்டி நிரப்புகிற பிரகஸ்பதிகள் உண்டு. சரளையோ மணலோ போட்டு, அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திம்ஸ் போட்டு இறுக்கி, அதற்கு மேல்தான் கான்கிரீட்.

நகருக்குள் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். தல்லாகுளம், சொக்கிகுளம், பீ.பி.குளம், ஆத்திகுளம்... ஊர்ப் பெயரிலேயே தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கிறோம். தரைக்கு அடியில் ஈரம் இருந்தால் அதில் ஆச்சரியம் என்ன? அந்த ஈரம் கான்கிரீட் வழியாக மெதுவாக மேலே ஏறும். வரும்போது மண்ணில் இருக்கிற உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். தண்ணீர் காற்றில் போய்விடும். உப்பு உங்கள் கல்லின் இடுக்கில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்கும். வீட்டம்மா தினம் துடைப்பார், அது தினம் பூக்கும்.

இதைக் கண்டுபிடிக்க லேபரட்டரி வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாள் ஒன்றை வெறும் கான்கிரீட் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாள் தாளுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால், கல் போட இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். மாமனாரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டலாம்.

கான்கிரீட்டுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. குறைந்தது ஏழு நாள் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். 28 நாள் ஆனால்தான் அதன் பலத்தை நம்பிக் கணக்குப் போடுவார்கள் இன்ஜினியர்கள். காய்கிற காலத்தில் அது சுருங்கவும் செய்யும். சுருங்கி முடிப்பதற்குள் அவசரமாக மேலே கல்லை ஒட்டினால், அது இழுக்கிற இழுப்பில் கல் பிடி விடும்.

இன்னொரு சங்கதி. கான்கிரீட் தரை வழவழப்பாக இருந்தால் நமக்குச் சந்தோஷம், கலவைக்குச் சங்கடம். கலவைக்குப் பிடிமானம் வேண்டும். அம்மி கொத்துகிற மாதிரி உளியால் தரையெங்கும் கொத்திவிட்டு, தூசி போகக் கூட்டி, கழுவி, நனைத்து, சிமென்ட் பால் தடவி, அப்புறம்தான் கலவை. பழைய ரெட் ஆக்சைடு தரை மேல் போடுகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். 'நல்ல தரையைக் கொத்தணுமா?' என்று பெரியவர்கள் கண் கலங்குவார்கள். கொத்தத்தான் வேண்டும்.

* * *

ஆத்திகுளத்தில் வீடு கட்டிய நண்பர் ஒருவர் பேங்க்கில் கிளார்க். ஹாலில் கிரானைட் போடும்போது லீவு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிக்கு அறுபது வயசு இருக்கும். கலவையைக் கையில் பிடித்து உருட்டிப் பார்க்கிறார். புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதைத் தரையில் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, நூல் பார்த்து, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் நாலு தட்டு. கல் அழகாக உட்கார்ந்துவிட்டது. உடனே மனுஷர் அதைத் தூக்கி எடுத்துவிட்டார்!

நண்பருக்குப் பகீர் என்றது. "என்ன மேஸ்திரி, ஒக்காந்த கல்லைப் போயி எடுக்குறீங்க?"

"தோசை ஊத்துறப்ப வெந்துருச்சானு ஓரத்தத் தூக்கிப் பாக்குறதில்லையா சார்? அந்த மாதிரிதான். இந்தா பாருங்க... இந்த எடத்துல கல்லோட அச்சு நல்லா விழுந்திருக்கு. இந்த மூலையில விழுகல. அப்ப இங்கன காலினு அர்த்தம்."

காலியாக இருந்த மூலையில் கலவையை அள்ளிப் போட்டு, சிமென்ட் பாலை ஊற்றி, மறுபடி கல்லை உட்கார வைத்தார். மறுபடி தட்டு. அப்புறம் அடுத்த கல். ஒரு கல்லுக்கு இரண்டு கல்லின் நேரம்.

"இப்படிப் போட்டா எப்ப முடிப்பீங்க?"

"நாளு கூடத்தான் சார் ஆகும். சதுர அடிக் கணக்குனா இப்படித் தூக்கிப் பாக்க மாட்டேன். எனக்குக் கட்டாது. நீங்க நாள் கூலினு சொன்னீங்க. அதான்."

நண்பர் அதற்கப்புறம் அவசரப்படுத்தவில்லை. எனக்கும் அந்தக் கணக்கு அன்றுதான் விளங்கியது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி அடித்துக் குறைக்கிறோமே, குறைவது வேறெதுவும் இல்லை. அந்தக் கல்லைத் தூக்கிப் பார்க்கிற ஒரு நிமிஷம்தான்.

அந்த நிமிஷம் குறைந்தால் என்ன ஆகும்? கல்லுக்கு அடியில் காலி. மேலே நடந்தால் தெரியாது. பீரோவைத் தள்ளும்போது, கேஸ் சிலிண்டரை உருட்டும்போது, இட்லிக் கொப்பரை கை தவறி விழும்போது, காலியான அந்த மூலையில் 'டப்'பென்று ஒரு கோடு. கிரானைட் அமுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. கீழே ஆதாரம் இல்லாத கல்லை மிதிப்பது அதை வளைப்பதற்குச் சமம். இப்போது பசை வைத்து ஒட்டுகிறார்களே, அதில் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்குகிற ஆட்கள் உண்டு. ஐந்து உருண்டைக்கும் நடுவே பூராவும் காலி. பல் வைத்த கரண்டியால் தரை முழுக்க இழுத்து ஒட்டினால்தான் அது ஒட்டு.

* * *

இனி கொஞ்சம் எடை, கொஞ்சம் உயரம்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. 120 சதுர அடி. 18 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்குச் சுமார் நாலரை கிலோ. அடியில் ஒன்றரை அங்குலக் கலவை ஏழு கிலோவுக்கு மேல். கூட்டினால் அந்த ஒரு அறையில் ஏறக்குறைய 1,400 கிலோ. ஒரு அம்பாசிடர் காரையே கொண்டுவந்து நிறுத்துவதைவிட அதிகம்! தரைத்தளத்தில் கவலை இல்லை. மாடியில், அதுவும் பழைய வீட்டின் மாடியில், பழைய தரைக்கு மேலேயே போடுவதாக இருந்தால் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம்.

பழைய தரைக்கு மேல் போட்டால் தரை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரும். உடனே கதவு திறக்காது. ஆசாரி வருவார். கதவின் அடியை அறுப்பார். அடுத்து மாடிப்படி. மற்ற எல்லாப் படியும் ஏழு அங்குலம் இருக்க, முதல் படி மட்டும் ஐந்தாகிவிடும். காலுக்குக் கண் கிடையாது. அது பழகின அளவில்தான் தூக்கும். விருந்தாளிகள் வரிசையாகத் தடுக்கி விழுவார்கள். கல் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கதவு, படி, பாத்ரூம் வாசல் மூன்றையும் அளந்துவிடுவது நல்லது.

இன்னொன்று, இடைவெளி. 'கல்லோட கல்லு நூல்கூட நுழையாம ஒட்டிரணும்' என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. கல்லும் சூட்டில் நீளும். 30 அடி நீளத் தரை 15 டிகிரி சூடு ஏறினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. சித்திரை வெயில் விழுகிற போர்டிகோவில் அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போகும்? இடம் இல்லாவிட்டால் கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்ளும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர், சுவர் ஓரம் கால் அங்குலம் விட்டால் போதும். சுவர் ஓர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். கூட்டுக் குடும்பத்துக்குச் சொல்வதுதான். ஒட்டி இருக்க வேண்டுமென்றால் கொஞ்சம் விட்டு இருக்க வேண்டும்.

எந்தக் கல் எங்கே? கிரானைட்டுக்குப் புளி, எலுமிச்சையெல்லாம் பெரிய விஷயம் இல்லை. மார்பிளும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு ஜாதி. ரசம் கொட்டினால் பளபளப்பு போய்விடும். வேலை முடிந்ததும் சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. கடப்பாக் கல்லில் ஊற்றினால் கறையோடு கல்லின் முகமும் சேர்ந்து போகும். பாத்ரூமிலும் வாசலிலும் பாலிஷ் போட்ட கல் வேண்டவே வேண்டாம். ஈரக் காலோடு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஆஸ்பத்திரி பில்லில் இன்னொரு வீட்டுக்கே தரை போடலாம். தவிர, பாலிஷ் கல்லில் கோலப்பொடி நிற்காது. மார்கழி பூராவும் நீங்கள்தான் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

* * *

கல்லின் அடியைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டு, கல் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடலாமா?

கடையில் 'காஷ்மீர் ஒயிட்' என்று ஒரு கல் காட்டுவார்கள். வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி கார்னெட், கோமேதகத்தின் பங்காளி. காஷ்மீரிலிருந்து லாரியில் வந்ததோ என்று மலைக்க வேண்டாம். அது மேலூர்க் கல். ஒத்தக்கடை தாண்டினால் ஆரம்பிக்கிற வட்டாரம். ஏற்றுமதிக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட நம்ம ஊர்ப் பையன்! (வெளிர் கல் ஈரத்தை உறிஞ்சும். முன்னே சொன்ன பாலிதீன் சோதனை இதற்கு ரொம்ப முக்கியம்.)

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2012 மே மாதம், அப்போது மதுரை கலெக்டராக இருந்த உ. சகாயம், கிரானைட் குவாரி முறைகேடுகளால் அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்குக் கடிதம் எழுதினார். ஊரே அதிர்ந்தது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். கண்மாய்களும் ஓடைகளும் மலைகளும் என்ன ஆயின என்ற கேள்வி அதற்கப்புறம்தான் பலருக்கு வந்தது. 2022-ல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்த ஊர்க்காரர்கள் மலையைக் காவல் காத்து நின்றதற்குக் கிடைத்த மரியாதை அது.

2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சியம்மன் கோயிலில் தீப்பிடித்து வீரவசந்தராயர் மண்டபம் சிதைந்ததே, நினைவிருக்கிறதா? அதைத் திரும்பக் கட்டுவதற்கான கல், நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கத்துக் குவாரியிலிருந்து வந்தது. ஊரைச் சுற்றி மலையை வைத்துக்கொண்டு, மீனாட்சிக்குக் கல் வெளியூரிலிருந்து!

நாம் வாங்கும் நூறு, இருநூறு சதுர அடியால் மலை காப்பாற்றப்படாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பில் கேட்டு வாங்கலாம். 'பில் இல்லாமன்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்' என்று கடைக்காரர் காதோரம் சொல்லும்போது, அந்தக் 'கொஞ்சம்' எந்த மலையிலிருந்து குறைகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

பில்லில் வராத இன்னொன்றும் உண்டு. கல் அறுக்கிற பையன். மிஷினை வைத்துக் கரகரவென்று அறுக்கும்போது பார்த்திருப்பீர்கள். தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளை. 'என்னப்பா, அதுக்குள்ள நரைச்சிருச்சு?' என்று நாம் ஜோக் அடிப்போம். கிரானைட்டில் நாலில் ஒரு பங்கு போலக் குவார்ட்ஸ். அதன் தூள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் உட்கார்ந்தால் சிலிகோசிஸ். அப்படிக் கெட்ட நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும். ஒரு குழாய், ஒரு பக்கெட், வாயையும் மூக்கையும் இறுக்கி மூடுகிற நல்ல முகமூடி. மொத்தமாகப் பார்த்தால் நம் கிரகப்பிரவேசச் சாப்பாட்டில் ஒரு பந்திக்குக்கூட வராது. 'தண்ணி விட்டா எடம் சகதியாகும் சார்' என்பார்கள். ஆகட்டும். சகதியைக் கழுவிவிடலாம்.

கடைசியாக, செட்டில்மென்ட் நாள். மேஸ்திரி பாக்கிப் பணத்துக்கு வந்து நிற்பார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு கல்லிலும் நாலு மூலை, ஒரு நடு, தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் கீழே நிறைவு. 'டொம் டொம்' என்றால் காலி. காலியான கல்லில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நல்ல மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே கூடக் குனிந்து தட்டுவார்.

எல்லாக் கல்லும் 'டக்' என்று சொன்னால், பேசிய கூலிக்கு மேலே ஒரு வேட்டி, துண்டு வைத்துக் கொடுங்கள். அந்த ஐந்து ரூபாயை மட்டும் டீ குடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைய தேதியில் அதற்கு டீ கிடைக்காது. கல் தட்டத்தான் ஆகும்!